குதோ வயலில் ஒரு போலிப் பூட்டு

அத்தியாயம் 7

“இந்தப் புள்ளியைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?” நெல் இலை ஒன்றைக் கிள்ளி, குன்பேயின் மூக்குக்கு நேரே நீட்டினாள் மிசாவோ.

“எங்கக்கா ஊரை விட்டே போகப்போறான்னு தோணுது, சென்செய்.”

குன்பேய் சாதாரணமாக இதைவிட நல்ல ஜோக் அடிப்பான். ‘சென்செய்’ என்று குருவைப் போல அவன் கூப்பிடும் மிசாவோவின் துப்பறியும் ஆபீஸில் அவனுக்குச் சம்பளம் குட்டி லாரி ஓட்டுவதற்கு, வாய் இலவசம். இன்று காலையிலிருந்து அந்த வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே தூறலில் நனைந்துகொண்டிருந்தது அவன் கூடப்பிறந்த அக்கா சுமியேயின் வயல். மதியச் சங்கு ஊதியதும் அதை உழுது சேற்றோடு சேறாக்குவதென்று ஊர் முடிவு பண்ணியிருந்தது.

வெறும் வயல் என்றால்கூடப் போகிறது என்று விடலாம். அது விதை வயல். குலை நோய் என்னும் பூஞ்சைத் தாக்குதலுக்கு அசராத ரகம் என்று ஆராய்ச்சி நிலையம் ஒரு கைப்பிடி நெல் கொடுத்தது. கணவன் செத்த பிறகும் ஒற்றை ஆளாய் நின்று அந்தக் கைப்பிடியை வருஷக் கணக்கில் பெருக்கி, ஹிராசாவா பள்ளத்தாக்கு முழுக்க விதைக்கும் அளவுக்கு ஆக்கியவள் சுமியே. இந்த வருஷம் மழையோடு மழையாகக் கடல் பக்கத்துக் குளிர்காற்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடவே குலை நோய். அசராத ரகம் பாதி ஊரில் தீ வைத்தது மாதிரி கருகி நின்றது. பிறகென்ன? விதை கொடுத்தவள் தலையில் பழி விழுந்தது.

“புள்ளியைப் பாருன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறே. ஒழுங்காப் பாரு.”

பார்த்தான். குண்டூசியால் குத்தியது போலப் பழுப்புப் புள்ளிகள். இலை முழுக்க.

“நோய்தானே இது?”

அவனுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “நோயேதான்!” கூட்டுறவுச் சங்கத் தலைவர் குதோ, ரப்பர் பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று வரப்பில் நடந்து வந்தார். தொண்டைதான் அவருக்கு மைக். மிசாவோவைக் குடும்பப் பெயரில் கூப்பிட்டார். “கசாமட்சு அம்மா, நீங்க முன்னாடி பயிர்ப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டரா இருந்தவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? இன்னிக்குப் புள்ளி, நாளைக்குக் கண்ணு மாதிரி கருகல். கொஞ்ச நாள்ல கதிர் தலை நீட்டும். அப்ப இங்கேருந்து பூஞ்சைத் தூள் பறந்துபோய்க் கதிரோட கழுத்தைப் பிடிச்சுதுன்னா, நல்லா இருக்கிற மிச்சப் பாதியும் பதராப் போயிடும். எனக்கு மட்டும் ஆசையா?”

“ஒரு வாரம் பொறுக்கலாமே.”

“ஒரு வாரத்துல ஊர் செத்துடும். மதியச் சங்கு. அவ்வளவுதான்.”

“தலைவரே,” என்றான் குன்பேய், “உங்க வீட்டு நாய்க்கு உடம்புல புள்ளி இருக்கே. அதையும் மதியத்துக்கே புதைச்சிடலாமா?”

குதோ அவனை முறைத்துவிட்டுப் போனார். ஜோக் அடித்தும் குன்பேயின் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை.

வரப்பு முனையில் சுமியே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உழப்போகிற வயலில் களை! நிமிரும்போதெல்லாம் வலது இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டாள். வசந்தத்தில் குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனது. அன்றைக்கு குன்பேய் நகரத்தில் ஏதோ ஒரு கேசில் போனை அணைத்து வைத்திருந்தான். வாடகைக் கார் பிடித்துத் தானே ஆஸ்பத்திரிக்குப் போனாளாம்.

“அக்கா, இந்தப் புள்ளி எப்பலேருந்து இருக்கு?”

“ஞாபகம் இல்லடா.”

“போன வாரமும் இப்படியேதான் இருந்துதா, இல்ல பெருசாகியிருக்கா?”

“ஞாபகம் இல்லைன்னு சொல்றேன்ல?” சுமியே திரும்பவே இல்லை. “விடுடா குன். உழுதுட்டுப் போகட்டும். எனக்கு அலுத்துப்போச்சு.”

அப்போது தன் லாரியிலிருந்து இறங்கி வந்தார் இவாபுச்சி. சங்கத்து நாற்றுக் கூடாரங்களின் பொறுப்பாளர். ஐம்பது வயதுத் தனிக்கட்டை. ஊரில் இன்னமும் சுமியேயிடம் முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள். கையில் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டைப் பொட்டலம்.

“சாப்பிடுங்க சுமியே-சான். காலையிலேருந்து பல்லுல பச்சைத் தண்ணி படலைன்னு கேள்விப்பட்டேன்.” பிறகு குன்பேயைப் பார்த்துத் தலை குனிந்தார். “டிராக்டரை நான்தான் ஓட்டப்போறேன். மன்னிச்சுக்கங்க தம்பி. எவனோ ஒருத்தன் ஏறி மிதிக்கிறதுக்கு...” முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

குன்பேய் பதிலுக்குத் தலை குனிந்தான். இந்தப் பாழாய்ப்போன ஊரில் மனுஷன் என்று ஒருவராவது இருக்கிறாரே!

✻

லாரியில் ஏறியதும் மிசாவோ வெடித்தாள்.

“அந்தப் புள்ளி நோய் இல்லைடா. நோயைப் பிடிச்ச அடையாளம்.”

“தமிழ் சினிமா போலீஸ் மாதிரி பேசாம புரியுற மாதிரி சொல்லுங்க” என்று கேட்டிருக்க வேண்டிய ஆள் குன்பேய். தமிழ் சினிமா பார்த்திராத காரணத்தால், “எங்க பாட்டன் மாதிரி பேசாம புரியுற மாதிரி சொல்லுங்க” என்றான்.

“இலையில ஒவ்வொரு செல்லும் ஒரு அறைன்னு வச்சுக்கோ. பூஞ்சைங்கிறது திருடன். சுவரைத் துளைச்சு உள்ளே வந்ததும் அவன் முதல் வேலை, வீட்டோட எச்சரிக்கை மணியை அறுக்கிறது. அதுக்குன்னே கையில ஆயுதம் கொண்டு வருவான். சுமியேயோட ரகத்துல உள்ளே ஒரு காவல்காரன் இருக்கான். அவன் கெட்டிக்காரன். திருடன் எந்தப் பூட்டைத் தேடி வருவானோ, அதே மாதிரி ஒரு போலிப் பூட்டைத் தன் இடுப்புலயே கட்டித் தொங்கவிட்டிருக்கான். திருடன் அதுல கையை வச்சான்னா...”

“மாட்டினான்.”

“மாட்டினான். காவல்காரன் அந்த அறைக்கே தீ வச்சிடுவான். தானும் செத்து, திருடனையும் சாகடிச்சு, பக்கத்து அறைக்கெல்லாம் கூவிட்டுத்தான் சாவான். வெளியேருந்து பார்த்தா ஒரு குண்டூசிப் புள்ளி. அதோட கதை முடிஞ்சுது. காவல்காரனுக்கு அடையாளம் தெரியலைன்னாதான் திருடன் வீடு வீடாத் தின்னுக்கிட்டே போவான். நடுவுல சாம்பல் பூத்து, கண்ணு மாதிரி நீளமா ஆகும்.”

“அப்ப அக்கா வயல்ல காவல்காரன் முழிச்சிருக்கான்!”

“முழிச்சிருக்கான். அதே திருடன், அதே காத்து. ஊர் வயல்ல மட்டும் காவல்காரன் ஏன் தூங்கினான்? அதைத்தான் நாம கண்டுபிடிக்கணும். ஓட்டு, குதோ வயலுக்கு.”

குதோவின் வயல் சாலையை ஒட்டியிருந்தது. பார்த்ததும் குன்பேய் பிரேக்கை மிதித்தான்.

வயலின் இடது பாதி பச்சை. வலது பாதி கருகல். நடுவில் கோடு கிழித்தது மாதிரி, வரப்பிலிருந்து வரப்பு வரை நேராக ஓடியது எல்லை.

“காத்துல வர்ற நோய் ஸ்கேல் வச்சுக் கோடு போடுமா, சென்செய்?”

“போடாது. யார் போடுவா?”

குன்பேய் ஒரு காலத்தில் இதே வயலில் நடவு மெஷின் ஓட்டியவன். வரிசை எண்ணிக்கொண்டே வரப்பில் நடந்தான். பச்சையில் ஓர் இலையைக் கிள்ளினான். குண்டூசிப் புள்ளி. ஒரு எட்டு தாண்டிக் கருகலில் கிள்ளினான். சாம்பல் கண். அவன் முகம் மாறியது.

“இங்கதான் மெஷின்ல ஒரு லோடு நாத்துத் தட்டு தீர்ந்திருக்கும். அடுத்த லோடை ஏத்திட்டுத் திரும்பியிருப்பாங்க. அப்படின்னா... ரெண்டும் வேற வேற நாத்து!”

“உயரத்தையும் பாரு.”

கருகல் பக்கத்துப் பயிர் கொஞ்சம் குட்டை. நோயால் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மிசாவோ ஒரு தூரை விலக்கிக் காட்டினாள். கிளைப்பும் ஒன்றிரண்டு குறைவு.

“சின்ன வயசு. பின்னாடி விதைச்சது. ஏன் பின்னாடி விதைக்கணும்?”

“முதல்ல விதைச்சது செத்திருக்கணும்.” குன்பேய் விரலைச் சொடுக்கினான். “கூடாரம் கூடாரமா நாத்து ஒரே நாள்ல சாகணும்னா ஒரே வழிதான். வெயில் அடிக்கும்போது கூடாரத்தோட பக்கவாட்டுத் திரையைத் தூக்க மறந்திருக்கணும். பிளாஸ்டிக் கூடாரம் அடுப்பா மாறிடும். ஒரு மதியம் போதும், வேக வச்ச கீரை மாதிரி ஆயிடும்.”

“ஏப்ரல்ல இங்கே வெயில் அடிச்ச நாள் எது?”

“செர்ரிப்பூ விருந்து!” நினைவு வந்ததும் பல்லைக் கடித்தான். “எங்கக்கா ஆஸ்பத்திரியிலேருந்து போன்ல சொன்னா. அன்னிக்கு மட்டும் கொளுத்தி எடுத்துதாம். ஊரே கோவில் மரத்தடியில பாயைப் போட்டுக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கும். காவல் முறைக்காரன் ஒருத்தன் கூடாரத்துல இருந்திருக்கணும். அவனும் நைசா நழுவியிருக்கான். வந்து பார்த்தா நாத்து வெந்துபோச்சு. சொல்ல வெட்கம். பழைய ரகத்து விதையை எடுத்து ராத்திரியோட ராத்திரியா விதைச்சுட்டான். ரெண்டும் பார்க்க ஒண்ணு, ருசி ஒண்ணு. பழசுல உள்ளே காவல்காரன் மட்டும் கிடையாது. நோய் வரலைன்னா எவனுக்கும் தெரியப்போறதில்லை.”

“சபாஷ். சம்பளம் ஏத்தித் தர மாட்டேன், சபாஷ் மட்டும்தான். யார் முறை அன்னிக்கு?”

“குதோவோட முறையாத்தான் இருக்கும்! அதான் வயலை அழிக்கத் துடிக்கிறான் கிழவன். அக்கா வயல் பச்சையா நின்னா எவனாவது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துடுவானே.”

“உனக்கு குதோ மேல கோவம். கோவம் சாட்சி சொல்லாது.” மிசாவோ வயலின் மூலையைப் பார்த்தாள். தண்ணீர் வாய்க்கால் ஓரம், நடவில் மிஞ்சிய நாற்றை ஒரு முடியாக, சின்னக் கட்டாக, சேற்றில் ஊன்றி வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் விவசாய இலாகாக்காரர்கள் தூக்கி எறியச் சொல்லித் தொண்டை வறளக் கத்துவார்கள். வருஷா வருஷம் ஊர், வீணாக்கக் கூடாதென்று மூலையில் வைக்கும். நோய் முதலில் உட்காருவதும் அங்கேதான்.

“குன்பேய், நாமளும் ஒரு போலிப் பூட்டு மாட்டலாமா?”

✻

சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஊர் கூடியிருந்தது. மாதர் பிரிவு பார்லித் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊற்றியவர்களில் சுமியேயும் ஒருத்தி. தன் வயலை உழ வந்தவர்களுக்குத் தானே தேநீர் ஊற்றுகிறாள்! குன்பேய்க்கு அந்தக் கெண்டியைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது.

மிசாவோ ஒரு கோப்பை வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“தலைவரே, சங்கு ஊதறதுக்குள்ள உங்க வயல் மூலையில இருக்கிற மிச்ச நாத்து முடியை எடுத்துக்கப்போறேன். வயல்ல நட்டதுல வேர் மண்ணு கரைஞ்சுபோச்சு. முடியில மட்டும் தட்டு மண்ணு அப்படியே பாயா ஒட்டியிருக்கு. எந்தக் கூடாரத்து மண்ணு, யார் கைப்பட விதைச்சதுன்னு அதுவே சொல்லிடும்.”

“மண்ணு பேசுமா?” என்றார் குதோ.

“எங்கிட்ட பேசும்.”

ஒருவர் சிரித்தார். ஒருவர் இருமினார். இவாபுச்சி தலை நிமிராமல் சாவிக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். குதோ வாட்சைப் பார்த்தார்.

“பசிக்குது. முதல்ல கொஞ்சம் சோறு தின்னுட்டுப் போய் எடுத்துக்கிறேன்,” என்று உட்கார்ந்துவிட்டாள் மிசாவோ.

குன்பேய் அதற்குள் பின்பக்கமாக நழுவி, குதோ வயல் மூலையிலிருந்த பம்பு ஷெட்டில் புகுந்துகொண்டான். தகரக் கூரையில் தூறல். சுவரில் ஒரு ஓட்டை. அதில் கண்ணை வைத்தான். ‘வாடா குதோ, வா. உன் தொப்பை வாய்க்காலைத் தாண்டும்போது உனக்கு இருக்கு.’

சங்குக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை. பூட்டைத் திருடன் தொடவே இல்லையென்றால்? போச்சு. அக்கா போச்சு, வயல் போச்சு.

சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது.

மழைக் கோட்டு. கையில் கதிர் அறுவாள். வாய்க்கால் ஓரம் குனிந்து, நாற்று முடியைப் பிடித்து, வேரோடும் மண்ணோடும் பிடுங்கி, தண்ணீரில் முக்கி முக்கி அலசியது அந்த உருவம். மண் கரைந்து கலங்கலாக ஓடியது. பிறகு நிமிர்ந்தது. நிமிரும்போது வலது இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டது.

குன்பேய்க்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே ஓடவில்லை. யார் என்று புரிந்ததும் ஷெட்டுக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தான்.

“அக்கா!”

சுமியேயின் கையிலிருந்து நாற்று முடி நழுவியது.

“நீயா? நீயா பண்ணினே? உன் விதைக்கு நீயே...” அவனுக்கு மேலே வார்த்தை வரவில்லை. “உனக்காகத்தானே நாயா அலையறேன்! எங்க சென்செய் கால்ல விழுந்து கூட்டிட்டு வந்தேனே!”

“கத்தாதேடா. யாராவது வந்துடுவாங்க.”

“வந்தாச்சு,” என்று வரப்பிலிருந்து குரல் கொடுத்தாள் மிசாவோ. இன்னும் கையில் பாதிச் சோற்று உருண்டை. “விதைச்சது இவ இல்லைடா. விதைச்சவனைக் காப்பாத்த வந்திருக்கா. சுமியே-சான், ரெண்டு மாசம் தண்ணியில கிடந்த சேறு என்ன பேசும்? அது வெறும் சேறு. பயப்படுறவங்க கண்ணுக்கு மட்டும்தான் அது பூட்டாத் தெரியும்.”

சுமியே தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் சேறு. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“காலையிலேயே எனக்குச் சந்தேகம்,” என்றாள் மிசாவோ. “தன் வயல்ல ஒரு இலை மடங்கினாலும் தெரிஞ்சு வச்சிருக்கிற விதைக்காரி, புள்ளி எப்ப வந்துதுன்னு ஞாபகம் இல்லைங்கறா. உங்களுக்கு எல்லாம் தெரியும். ஊர் வயல்ல நிக்கிறது உங்க விதை இல்லைன்னு முதல் சாம்பல் கண்ணைப் பார்த்ததுமே தெரியும். உங்க குடல்வால் வெடிச்சதும் அதே செர்ரிப்பூ அன்னிக்குத்தான். நீங்க ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார்ல போகலை. சரிதானே?”

சுமியே விரலிடுக்குச் சேற்றைப் புல்லில் துடைத்தாள்.

“என் நாத்தைப் பார்க்கத்தான் கூடாரத்துக்குப் போனேன்,” என்றாள் சுமியே கடைசியில். “கோவில்ல குடிகாரங்க கூத்து எனக்குப் பிடிக்காது. இவாபுச்சி-சான் காவல் முறையில இருந்தார். நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசலை. முதுகுல தூக்கிப் போட்டுக்கிட்டு லாரிக்கு ஓடினார். மலையைத் தாண்டி ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா பொணம்தான்னு டாக்டர் சொன்னாராம்.”

“திரை?” என்றான் குன்பேய்.

“திரையை யாருடா நினைச்சா?”

“இதை ஊர்ல சொன்னா என்ன? உசிரைக் காப்பாத்தினவருக்கு மாலை போட மாட்டாங்களா?”

“போடுவாங்க!” சுமியே கசப்பாகச் சிரித்தாள். “புருஷனை இழந்தவ ஒருத்தி, கல்யாணம் ஆகாதவர் ஒருத்தர். ஊரே கோவில்ல இருக்கும்போது ரெண்டு பேரும் கூடாரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு கேட்க மாட்டாங்க? நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். வாடகைக் கார்ல போனேன்னு சொல்லுங்கன்னேன். அதனால திரையை ஏன் விட்டார்னு அவரால சொல்ல முடியலை. வீட்ல இருந்த பழைய விதையைப் போட்டுச் சமாளிச்சார். நோய் வந்தப்புறம்... வாய் அடைச்சுப்போச்சு அவருக்கு. எனக்கும்தான்.”

“அதுக்காக உன்னைப் பலி கொடுப்பாரா? சோத்துருண்டை கொண்டு வந்து கொடுத்துட்டு டிராக்டர்ல ஏறுவாரா?” குன்பேய் கத்தினான். காலையில் அதே மனுஷனுக்குத் தான் தலை குனிந்ததை நினைத்தால் அவனுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

“நான்தான் வேண்டாம்னேன். நேத்து சொல்றேன்னு வந்தார். பேசினா நான் செத்துடுவேன்னேன். அவர் பேர் போனா திரும்பாதுடா. விதை போனா ஆராய்ச்சி நிலையத்துல இன்னொரு கைப்பிடி கிடைக்கும்.”

“கைப்பிடியை ஊராக்க எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு?” என்றாள் மிசாவோ.

சுமியே நழுவிய நாற்று முடியைக் கையில் எடுத்தாள்.

“அத்தனை வருஷமும் இந்தப் பள்ளத்தாக்குல காவல்காரனே இல்லாம நெல்லு நிக்கும். நீங்க செத்து எல்லாரையும் காப்பாத்தறதா நினைக்கிறீங்க. உங்க இலையைப் பாருங்க சுமியே-சான். சாகுற செல்லு சும்மா சாகாது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கூவிட்டுத்தான் சாகும். அதனாலதான் இலை பிழைக்குது. நீங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சாகப்பாக்குறீங்க. அதுல பிழைக்கிறது நோய் மட்டும்தான்.”

சுமியே எழுந்தாள். ஏதோ சொல்ல வந்தாள்.

அப்போது மதியச் சங்கு ஊதியது.

✻

பள்ளத்தாக்கின் ஒலிபெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலற, அந்த அலறலுக்கு அடியில் டிராக்டர் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது.

மூவரும் ஓடினார்கள். குன்பேய் லாரியைத் தேடினான். சங்கத்து வாசலில் அல்லவா நிற்கிறது! வரப்பு வழியே விழுந்து எழுந்து ஓடினான். பின்னால் சுமியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தத் தையலோடு ஓடாதே என்று சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை.

விதை வயலைச் சுற்றி ஊர் நின்றது. குதோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், சாவு வீட்டில் நிற்பது போல. இவாபுச்சி டிராக்டரை வயலுக்குள் இறக்கியிருந்தார். பின்னால் சுழல் கலப்பை இறங்கியது. பச்சை நெல் தூர் தூராகப் பறந்து, சேற்றில் குப்புற விழுந்தது.

“நிறுத்துங்க!” குன்பேய் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை.

“தலைவரே, நிறுத்தச் சொல்லுங்க!” என்று மிசாவோ குதோவின் சட்டையைப் பிடித்தாள். “அந்தப் புள்ளி நோய் இல்லை! உங்க வயல்ல ரெண்டு நாத்து இருக்கு, வந்து பாருங்க!”

“அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா,” என்று குதோ கையை உதறினார்.

சுமியே நிற்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வயலில் இறங்கினாள். முழங்கால் வரை சேறு. டிராக்டருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவள் எழுப்பிய குரல் மாதிரி ஒரு குரலை குன்பேய் அவளிடம் கேட்டதே இல்லை; கணவன் சாவில்கூட.

“இவாபுச்சி-சான்! செர்ரிப்பூ அன்னிக்கு நான் உங்க கூடத்தான் இருந்தேன்! கூடாரத்துல! என்னைத் தூக்கிட்டு ஓடினீங்க, அதனாலதான் திரையைத் தூக்கலை! நாத்து வெந்துபோச்சு! எல்லாரும் கேட்டுக்கங்க, ஊர் வயல்ல இருக்கிறது என் விதை இல்லை! நான் அவர் கூட இருந்தேன்!”

எஞ்சின் நின்றது.

சங்கும் ஓய்ந்துவிட்டிருந்தது. மாதர் பிரிவில் யாரோ ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் அவள் காதில் ஏதோ சொன்னாள். நாளைக் காலைக்குள் அது எங்கெல்லாம் போகும் என்று சுமியேக்குத் தெரியும். தெரிந்தும் அவள் தலை குனியவில்லை.

இவாபுச்சி டிராக்டரிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். சேற்றில் முழந்தாளிட்டு, நெற்றி சேற்றில் படக் குனிந்தார்.

“அவங்க சொல்றது நிஜம். விதை என்னோடது. பழைய விதை. நான்தான் போட்டேன். அவங்களுக்கு இதுல ஒண்ணுமில்லை...” அழுகையில் மிச்சம் புரியவில்லை.

ஊர் குதோவைப் பார்த்தது. குதோ வரப்பில் குந்தி, ஒரு இலையைக் கிள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். குண்டூசிப் புள்ளி. தன் வயலின் நேர்கோடு இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

“குன்பேய்,” என்றார் மெதுவாக. “எவ்வளவு போச்சு?”

குன்பேய் வயலைப் பார்த்தான். ஏதாவது கிண்டலாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டான்.

“ரெண்டு வரிசைதான், தலைவரே.”

பச்சை வயலின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கீறல். அதற்குள் அவன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், மலையடிவாரம் வரை, மிச்ச நெல்லெல்லாம் தூறலில் அப்படியே நின்றது.